ஓடுமா என்று பார்ப்பதற்கு முன் நிற்குமா என்று பாருங்கள்

போன மாதம் ஒரு கல்லூரித் தம்பி, கையில் மாவுக்கட்டோடு என் பட்டறைக்கு வந்தார். பத்து வருடத்துக்கும் மேலாக மாட்டுக் கொட்டகையில் நின்ற அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ வீடியோ பார்த்தே கிளப்பியிருக்கிறார். பிளக்கைத் துடைத்து, புது பெட்ரோல் ஊற்றி, அரை நாள் உதைத்து, ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்ட சந்தோஷத்தில் அப்படியே ரோட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். முதல் வளைவில் முன் பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் பூட்டிக்கொண்டது. சக்கரத்தின் நடுவில் பிரேக் இருக்கும் டிரம்மைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஷூவில் ஒட்டியிருந்த லைனர், அதாவது டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை, மொத்தமாகப் பெயர்ந்து, உள்ளே குறுக்கே சிக்கிக் கிடந்தது.

முதல் வண்டியை, அதுவும் அப்பா ஓட்டிய வண்டியை, தன் கையாலேயே ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நன்றாகவே புரியும். அந்த ஆசைதான் என்னையும் இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தது. அதனால்தான் சொல்கிறேன், முதல் நாள் இன்ஜினைத் தொடாதீர்கள்.

இரண்டு சக்கரத்தையும் கழற்றுங்கள். லைனரின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பிப் பாருங்கள். கொஞ்சம் தூக்கினாலும் ஷூவை ஜோடியாக மாற்றிவிடுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கவரில் கட்டிப் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் புதிது மாதிரி தெரிந்தாலும் அந்த வயதுக்கு ரப்பர் இறுகியிருக்கும், மாற்றத்தான் வேண்டும். அப்புறம் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடுங்கள். டக்கென்று தானாகத் திரும்பாவிட்டால் கேபிள் போச்சு.

பெட்ரோல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். டேங்க்கை முழுதாக வடித்து, துருவைக் கழுவி எடுத்து, குழாயைப் புதிதாக மாட்டிய பிறகுதான் புது பெட்ரோல். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை என்பதால் துளை பெரிதாகிவிடும், அதன் பிறகு அந்த ஜெட்டை வைத்து எந்த மெக்கானிக்காலும் சரியாக டியூன் செய்ய முடியாது. இந்த வேலையை வீட்டுக்குள்ளோ மூடிய ஷெட்டிலோ செய்யவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ எரியும் சாமி விளக்கில் பற்றிக்கொள்ளும். வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இனி இன்ஜின். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். அசையவில்லை என்றால் ஏறி மிதிக்காதீர்கள், கியரில் போட்டுத் தள்ளவும் தள்ளாதீர்கள். இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு இன்னொரு ராத்திரி பொறுங்கள்.

ஆர்எக்ஸ் 100 மாதிரி, பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் வண்டியில், புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 1985-இல் இருந்து 1996 வரை வந்த இந்த வண்டியில் ஆயிலுக்குத் தனி டேங்க். சின்ன பம்ப் ஒன்று அதை இழுத்து இன்ஜினுக்கு அனுப்பும். பல வருடம் நின்ற வண்டியில் ஆயில் பிசின் மாதிரி ஆகி, குழாயில் காற்றும் புகுந்திருக்கும். இன்ஜின் என்னவோ ஸ்டார்ட் ஆகும், அருமையாக ஓடும். புகை குறைவாக வருகிறதே என்று மகிழ்ச்சிகூட வரும். உண்மையில் உள்ளே ஒரு சொட்டு ஆயில் போயிருக்காது. கொஞ்ச தூரத்திலேயே பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். ஓடும்போது ஜாம் ஆனால் பின் சக்கரமும் பூட்டும். அதனால் முதல் இரண்டு மூன்று லிட்டர் பெட்ரோலில், லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) நீங்களே கலந்து ஊற்றுங்கள். பம்ப்பில் காற்று எடுக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை ஆயிலை ஓடவிடுங்கள். புகை அதிகமாக வந்தால் வரட்டும்.

ஆக்ஸிலேட்டரை முறுக்காமலேயே இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போனால் உடனே சாவியை அணையுங்கள். பெரும்பாலும் கிரேங்க் சீல், அதாவது இன்ஜினின் சுழலும் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், காய்ந்து வெளிக்காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். அதைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஆர்சி 15 வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதுவும் இன்சூரன்ஸும் கைக்கு வரும் வரை ரோடு வேண்டாம், உங்கள் தோட்டமோ களமோ போதும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, இரண்டு டிரம்மின் மேலும் லேசாகக் கை வையுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் உரசுகிறது.

அந்தத் தம்பியின் வண்டி இப்போது முன் சக்கரம் இல்லாமல் என் பட்டறையில் நிற்கிறது. புது ஷூ வாங்கி வைத்துவிட்டேன். கட்டுப் பிரித்ததும் தானே வந்து மாட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.