எக்ஸ்ரேயில் தெரியாத மூக்குச் சுவர்

எட்டு வயதுப் பையன். ஐந்து நாட்களுக்கு முன்னால் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பந்து மூக்கில் பட்டிருக்கிறது. கொஞ்சம் ரத்தம் வந்து தானாகவே நின்றுவிட்டது. அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயை அம்மா மேஜையில் வைத்தார். "எலும்பு ஒண்ணும் உடையலைன்னுதான் சொன்னாங்க டாக்டர். ஆனா அன்னைலேர்ந்து ரெண்டு பக்கமும் அடைப்பு. சளின்னு நினைச்சு சொட்டு மருந்து விட்டுட்டு இருந்தேன். நேத்து ராத்திரி காய்ச்சல் வந்துருச்சு."

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. எலும்பு நன்றாகத்தான் இருந்தது.

நாம் எல்லாவற்றையும் 'மூக்கெலும்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மூக்குக்கண்ணாடி உட்காரும் மேல்பகுதிதான் எலும்பு. நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள், வளைந்து கொடுக்கும். அது குருத்தெலும்பு, காது மடலில் இருக்கிற மாதிரி. இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் நிற்கும் சுவரும் அப்படித்தான்: முன்பாதி குருத்தெலும்புத் தகடு, பின்பாதியில் மேலே எத்மாய்டு எலும்பின் மெல்லிய தகடு, கீழே வோமர் என்ற எலும்பு. வோமர் என்றால் லத்தீனில் ஏர்க்கொழு. வடிவமும் ஏறக்குறைய அதேதான்.

இந்தக் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. சவ்விலோ ரத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. சுவரின் முன்பகுதியில் நாலைந்து தமனிகளின் கிளைகள் வந்து பின்னிக் கிடக்கின்றன. 'சில்லுமூக்கு உடைஞ்சிருச்சு' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் அந்த இடம் கசிவதைத்தான். (அப்போது தலையை அண்ணாந்து வைக்காதீர்கள். முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருங்கள்.)

அடிபடும்போது சில சமயம் சவ்வு தகட்டைவிட்டு உரிந்து, நடுவில் ரத்தம் தேங்கிவிடும். வெளியே ஒழுகாது, அதனால் யாரும் பயப்படுவதில்லை. உள்ளே குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது. இரண்டு மூன்று நாட்களிலேயே அது சாகத் தொடங்கிவிடும். தேங்கிய ரத்தத்தில் கிருமி சேர்ந்தால் சீழ். தாங்கும் தகடு கரைந்ததும் மூக்குத்தண்டு சேணம் போல நடுவில் அமுங்கிப்போகும்.

சளி அடைப்பு பொதுவாக ஒரேயடியாக இருக்காது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறும், சொட்டு மருந்து விட்டால் கொஞ்சம் திறக்கும். அடிபட்ட மூக்கு இரண்டு பக்கமும் அடைத்தபடியே இருந்தால், நுனியைத் தொட்டாலே பிள்ளை அலறினால், டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டைவிரலால் நுனியைச் சற்றுத் தூக்கினால் போதும். சுவரிலிருந்து சிவப்பாகவோ நீலம் பாரித்தோ திராட்சை மாதிரி வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். நீங்களாகக் குத்திப் பார்க்க வேண்டாம். முதல் நாள் ஒன்றும் தெரியாவிட்டாலும் அடுத்த இரண்டு மூன்று நாளும் பாருங்கள். ரத்தம் மெதுவாகவும் சேரும்.

புல்லாக்குக்குக் குத்துவதும் இந்தச் சுவர் பக்கம்தானே என்று கேட்பார்கள். குருத்தெலும்புக்கு முன்னால் மெல்லிய தோல் மடிப்பு ஒன்று இருக்கிறது, குத்த வேண்டிய இடம் அதுதான். இப்போது ஃபேஷனுக்காகக் குத்திக்கொள்கிறவர்களில் சிலருக்கு ஊசி தகட்டிலேயே இறங்கிவிடுகிறது. அங்கே சீழ் பிடித்தால் கதை இதேதான்.

பையனுக்கு மயக்கம் கொடுத்துச் சீழை வெளியேற்றி, சவ்வு மறுபடி ஒட்டிக்கொள்ளப் பஞ்சு வைத்து அடைத்தோம். காய்ச்சல் போய்விட்டது. மூச்சும் சரியாக வருகிறது. ஆனால் தகட்டில் ஒரு பகுதி ஏற்கெனவே கரைந்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் மூக்குத்தண்டில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அதை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. முகம் வளர்ந்து முடிந்த பிறகு, விலாவிலிருந்தோ காதிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைத்துச் சரிசெய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.