பொதுமக்கள் விசாரணையாளரா, குடிசார் புலனாய்வாளரா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துத் தமிழ்த் துண்டறிக்கைகளிலும் மண்டப அறிவிப்புகளிலும் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: ‘காவலர்மேல் புகார் இருந்தால் பொதுமக்கள் விசாரணையாளரை அணுகவும்.’ ஆங்கிலத்தில் ‘சிவிலியன் இன்வெஸ்டிகேட்டர்’ என்று இருந்ததைத்தான் இப்படி மாற்றியிருக்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டினால் என்ன புரிந்துகொள்வார்? பொதுமக்களை விசாரிக்கும் அதிகாரி என்றுதான். ஏற்கெனவே போலீசுக்குப் பயந்து வாய் திறக்காமல் இருப்பவர், தன்னை விசாரிக்க இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகமாட்டார்.

சொல்லின் வேர் லத்தீன் ‘சிவிஸ்’, அதாவது குடிமகன். ஆங்கிலத்தில் ‘சிவிலியன்’ முதலில் ரோமானிய உரிமையியல் சட்டம் கற்றவரைக் குறித்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியில் படை சாராத உயர் அலுவலருக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு படையில் இல்லாத எவரும் சிவிலியன் ஆனார். காவல்துறைக்கு வெளியே நின்று காவலர்மீதான புகாரை ஆராய்பவர் என்பது அதன் பிந்திய நீட்சி.

தென்னாப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்வது ‘ஐபிட்’ என்று எல்லோரும் சொல்லும் இயக்ககம் (இண்டிபெண்டன்ட் போலீஸ் இன்வெஸ்டிகேட்டிவ் டைரக்டரேட்). 1997-இல் தொடங்கியபோது அதன் பெயரில் ‘புகார்’ என்ற சொல் இருந்தது. 2011-ஆம் ஆண்டின் 1-ஆம் எண் சட்டம் 2012 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது ‘புகார்’ போய் ‘புலனாய்வு’ வந்தது. ‘சிவிலியன்’ என்ற சொல் இதன் பெயரில் இல்லை. அது அரசமைப்பின் 208-ஆம் பிரிவு சொல்லும் காவல் செயலகத்தின் பெயரில் இருக்கிறது. செயலகம் காவல்துறை அமைச்சருக்குக் கொள்கை வகுத்துக் கொடுக்கும் இடம். கொடுத்த அடிக்கும் சுட்ட குண்டுக்கும் கணக்குக் கேட்பது இயக்ககம். துண்டறிக்கை எழுதுபவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, புகாரைச் செயலகத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அங்கிருந்து அது திருப்பிவிடப்பட்டு உரிய மேசைக்கு வந்து சேர்வதற்குள் காயம் ஆறிவிடுகிறது, கேமராப் பதிவும் அழிந்துவிடுகிறது.

‘பொதுமக்கள் விசாரணையாளர்’ ஏன் தவறு? தமிழில் ‘விசாரணை’க்கு முன்னால் ஒரு பெயரை உருபில்லாமல் ஒட்டினால் அது பெரும்பாலும் விசாரிக்கப்படும் பொருளையோ ஆளையோதான் குறிக்கும். கொலை விசாரணை, சாட்சி விசாரணை, கைதி விசாரணை எல்லாம் அப்படித்தான். ‘காவலர் விசாரணை’ என்பதில் சிக்கல் இன்னும் அதிகம். காவலர் செய்யும் விசாரணையா, காவலர்மீது நடக்கும் விசாரணையா? தொல்காப்பியர் இந்த மயக்கத்துக்கு ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார். உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘புலி கொல் யானை’. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். பாட்டில் அந்த மயக்கத்தைத் தாங்கலாம். போலீசிடம் அடிபட்டவர் கையில் கொடுக்கும் தாளில் தாங்க முடியாது.

இயக்ககத்தின் ஆங்கிலப் பெயருக்கே இந்த நோய் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘சுயேச்சை காவல் புலனாய்வு இயக்ககம்’ என்று எழுதினால், காவல்துறையின் இன்னொரு புலனாய்வுப் பிரிவு என்றுதான் படிப்பவர் நினைப்பார். மூன்று எழுத்து கூடினாலும் பரவாயில்லை, ‘மீதான’ என்பதை விடக்கூடாது. ‘காவலர்மீதான புகார்களுக்கான தனிப் புலனாய்வு இயக்ககம்’ என்று எழுதுங்கள். பெயர் நீளமாகிறது என்று மொழிபெயர்ப்பாளர்கள் முறையிடுகிறார்கள். தாளில் இடம் இல்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்கட்டும், உருபைத் தின்ன வேண்டாம்.

மாற்றாகச் சொல்லப்படுபவற்றையும் பார்ப்போம். ‘சிவில் புலனாய்வாளர்’, ‘உரிமையியல் புலனாய்வாளர்’ இரண்டும் சொத்துத் தகராறு வழக்கை நினைவூட்டுகின்றன. ‘உரிமையியல்’ நீதிமன்றச் சொல், குற்றவியலுக்கு எதிர்ப்பதம். இங்கே நடப்பதோ பெரும்பாலும் குற்றவியல் புலனாய்வு. ‘சீருடையற்ற அதிகாரி’ என்பது கேட்க எளிது, ஆனால் மஃப்டியில் வரும் போலீசுக்கும் சீருடை இல்லையே. ‘துறைசாரா’ இன்னும் மோசம். ‘துறைசார் வல்லுநர்’ என்று எழுதிப் பழகிய கண்ணுக்கு ‘துறைசாரா’ என்றால் வேலை தெரியாதவர் என்றாகிவிடும். ‘குடிமை’ பாதி சரி. ஆனால் தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்குக் குடிமைப்பணித் தேர்வும் குடிமைப்பொருள் கிடங்கும்தான் முதலில் வரும்.

என் தேர்வு ‘குடிசார் புலனாய்வாளர்’. ‘படைகுடி கூழமைச்சு நட்பரண்’ என்று வள்ளுவர் ஆறு உறுப்புகளை எண்ணும்போது படையும் குடியும் தனித்தனியாகவே நிற்கின்றன. ஆங்கிலச் சொல் செய்ய முயலும் பிரிவினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இலங்கைத் தமிழில் ‘குடிசார்’ வழக்கில் உள்ள சொல். போலீஸ் படையா என்று கேட்பவர்கள் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டுக் காவல்துறையைச் ‘சேவை’ என்றுதான் அழைக்கிறது. அதே காவல்துறையில் 2010-இல் ஜெனரல், கர்னல் என்ற இராணுவப் பதவிப்பெயர்கள் திரும்ப வந்தன. அந்தப் பெயர்கள் இருக்கும்வரை குடியை எதிரில் நிறுத்துவதில் தவறில்லை.

‘விசாரணையாளர்’ போதாதா? போதாது. ரயில் நிலையத்தில் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கும் சன்னலுக்கும் விசாரணை என்றுதான் பெயர். இயக்ககத்தின் புலனாய்வாளருக்கு 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு போலீசுக்கு உள்ளதைப் போன்ற அதிகாரங்களைத் தருகிறது. சோதனை போடலாம், கைப்பற்றலாம், கைது செய்யலாம். அவர் நிலையத்துக்குப் போனால் முதலில் கேட்பது ‘ஆக்கரன்ஸ் புக்’ என்னும் நிகழ்வுப் பதிவேட்டை. அன்றைய பக்கத்தில் வரிசை எண் தாண்டியிருக்கிறதா, பிறகு செருகிய வரி இருக்கிறதா என்று பார்ப்பார். லாக்கப் பதிவேட்டில் கைதி உள்ளே வந்தபோது காயம் குறிக்கப்பட்டதா, காவலர் எத்தனை மணிக்கெல்லாம் போய்ப் பார்த்தார் என்று பார்ப்பார். துப்பாக்கிப் பதிவேட்டில் கொடுத்த தோட்டாவையும் திரும்பி வந்த தோட்டாவையும் ஒப்பிடுவார். மருத்துவர் நிரப்பும் ‘ஜே 88’ படிவத்தில் உடல் படத்தின்மேல் காயங்கள் குறிக்கப்பட்டிருக்கும். பத்து நாள் கழித்து நிரப்பிய படிவத்தில் குறிக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆகவே அடிபட்டவர் புகார் எழுதும் முன்பே மருத்துவரிடம் போவது நல்லது. இத்தனையும் வெறும் கேள்வி கேட்கும் வேலை இல்லை, புலன் தேடும் வேலை.

எல்லாப் புகாரும் இவரிடம் போகாது. காவலில் நடந்த மரணம், போலீஸ் செயலால் நேர்ந்த மரணம், அரசுத் துப்பாக்கி வெடித்தது, காவலர் செய்த வன்புணர்ச்சி, சித்திரவதை, அடித்தல், ஊழல் என்று அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு வகுத்துச் சொல்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றை நிலைய அதிகாரி தெரிந்தவுடனே இயக்ககத்துக்கு அறிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் எழுத்திலும் தர வேண்டும். நகராட்சிப் போலீசும் இதற்குள் அடக்கம். தீயணைப்புத் துறை அடங்காது. அது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நகராட்சி நடத்தும் பணி, அதன்மீதான புகார் நகராட்சிக்கே போகும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1885 முதல் ஒரே ஆணையம் போலீஸ், தீயணைப்பு இரண்டையும் பார்க்கிறது. அங்கிருந்து வரும் கட்டுரைகளைப் பார்த்து, இங்கேயும் தீயணைப்பாளர்மீதான புகாரை ஐபிட்டுக்கு அனுப்பலாம் என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ‘மிஸ்கான்டக்ட்’ என்பதைத் ‘தவறான நடத்தை’ என்று மாற்றுவது. தமிழில் ஒரு பெண், ‘அந்தப் போலீஸ்காரர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாரு’ என்றால் அதற்கு ஒரே பொருள்தான். அதை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ‘மிஸ்கான்டக்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், 28-ஆம் பிரிவின்கீழ் வந்திருக்க வேண்டிய குற்றம் மரியாதையில்லாமல் பேசிய புகாரோடு சேர்ந்து நிலையத்துக்கே திரும்பிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: லஞ்சம் கேட்ட காவலரைப் பற்றித் ‘தவறாக நடந்துகொண்டார்’ என்று தமிழில் அறிவித்தால், புகார் கொடுத்த பெண்ணைப் பற்றி ஊர் வேறு கதை பேசும். பணி தொடர்பான தவறுக்குப் ‘பணி ஒழுங்கீனம்’ என்ற சொல் இருக்கிறது. மற்றவற்றை அடித்தார், கேட்டார், தொட்டார் என்று நடந்த வினையாலேயே எழுத வேண்டும். வாக்குமூலத்துக்குப் பொதுச்சொல் உதவாது.

‘புகார்’ என்பதையும் தூக்கியெறியச் சொல்லித் தூய்மைவாதிகள் கேட்கிறார்கள். கூவி அழைப்பதைக் குறிக்கும் ‘புகார்’ என்ற இந்துஸ்தானிச் சொல் அது. ஆற்றுமுகத்தையும் பனிமூட்டத்தையும் குறிக்கும் நம் புகார் வேறு. ‘முறையீடு’ நல்ல சொல், எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் ‘மேல்முறையீடு’ அருகில் நிற்பதால் நீதிமன்றத்தோடு குழம்பும். எல்லோருக்கும் புரிகிற புகாரை இந்த வேலையில் விடத் தேவையில்லை.

கடைசியாக முடிவுக் கடிதம். புலனாய்வு முடிந்ததும் குற்ற வழக்குக்கான கோப்பு அரசு வழக்குத்தொடுப்பவரிடம் போகும். ஒழுங்கு நடவடிக்கைப் பரிந்துரை காவல்துறைக்குப் போகும், 30 நாளுக்குள் அங்கே நடவடிக்கை தொடங்க வேண்டும். சான்று போதவில்லையென்றால் ‘அன்சப்ஸ்டன்ஷியேட்டட்’ என்று வரும். இதைத் தமிழில் ‘பொய்ப் புகார்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பொய் என்றால் நடக்கவில்லை என்று நிறுவப்பட்டது என்று பொருள். இங்கே நிறுவப்பட்டது எதுவும் இல்லை. சாட்சி வரவில்லை, பதிவேட்டுப் பக்கம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ‘மெய்ப்பிக்கச் சான்று போதவில்லை’ என்று எழுதினால், புதிய சாட்சியோ படமோ கிடைத்தவர் கோப்பைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதையாவது உணர்வார். அரசமைப்பின் 6-ஆம் பிரிவு இந்நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதற்கு மதிப்பை உறுதிசெய்யச் சொல்கிறது. பொய் சொன்னவர் என்று ஒருவரை அவர் தாய்மொழியிலேயே தவறாக அறிவிக்கும் கடிதத்தை அந்த மதிப்பில் சேர்க்க முடியாது.