நோய்க்காவி: 'வெக்டர்' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்?

பினாங்கில் டிங்கிக்குப் புகையடிக்க வந்தால் "வெக்டர்காரங்க வந்திருக்காங்க" என்போம். மலாயிலும் அதே சொல்தான் என்பதால், தமிழ்ச் சொல்லைத் தேட யாருக்கும் அவசியம் வரவில்லை. லத்தீனில் 'வெஹெரே' என்றால் சுமந்து போவது, 'வெக்டர்' என்றால் சுமப்பவர். நோயை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குச் சுமக்கும் கொசு, ஈ, உண்ணி எல்லாமே வெக்டர்தான்.

தமிழ்நாட்டில் நோய்க்கடத்தி, நோய் பரப்பி என்பார்கள். இலங்கைத் தமிழில் நோய்க்காவி. என் ஓட்டு காவிக்குத்தான். காவுதல் என்றால் தோளில் சுமப்பது, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு எடுக்கிறோமே காவடி, அதுவும் அந்த வேரில் வந்ததுதான். துணியின் காவி நிறத்தோடு குழம்பும் என்று சிலர் சொல்வார்கள், முன்னால் 'நோய்' இருக்கும்போது யாருக்குக் குழம்பப் போகிறது?

கடத்தி என்றால் மின்கடத்திபோல, இந்தப் பக்கம் நுழைந்தது அப்படியே அந்தப் பக்கம் வெளியேறும் என்ற எண்ணம் வருகிறது. ஆப்பிரிக்காவின் செட்சி ஈக்குள் அப்படி நடப்பதே இல்லை. தூக்க நோயைத் தரும் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணி இரத்தத்தோடு அதன் குடலுக்குள் போனதுமே சண்டை ஆரம்பித்துவிடும். குடித்த இரத்தத்தைச் சுற்றி கைட்டினும் புரதமும் சேர்ந்த ஒரு மெல்லிய உறை இருக்கிறது, ஒட்டுண்ணி முதலில் அதைத் தாண்ட வேண்டும். அப்புறம் ஈயின் உடல் அட்டாசின் போன்ற கொல்லும் புரதங்களைச் சுரக்கிறது, ஆய்வகத்தில் அந்தப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தபோது தொற்று கூடியது. இதையெல்லாம் தாண்டி எச்சில் சுரப்பிவரை போய்ச் சேர மூன்று நான்கு வாரம் ஆகும். பெரும்பாலான ஈக்கள் அதற்கு முன்பே ஒட்டுண்ணியை ஒழித்துவிடுகின்றன. பிறந்து இன்னும் முதல் இரத்தம் குடிக்காத இளம் ஈக்குத்தான் தொற்று எளிதில் பிடிக்கும்.

என்னை அசரவைத்த விஷயம், இந்த எதிர்ப்பாற்றல் தாயிடமிருந்து வருவது. செட்சி முட்டையிடாது, வயிற்றுக்குள்ளேயே ஒரு முறைக்கு ஒரே ஒரு புழுவைப் பால் கொடுத்து வளர்க்கும். அந்தப் பாலோடு விகிள்ஸ்வொர்த்தியா என்ற பாக்டீரியாவும் குட்டிக்குள் போகிறது, அது இல்லாமல் வளர்ந்த ஈக்கு குடல் உறையும் சரியாக அமையாது, நோயெதிர்ப்பு அணுக்களும் குறைவு, ஒட்டுண்ணி சுலபமாகக் குடியேறிவிடும்.

சரி, கடத்தி என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம். அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னோர் ஒட்டுண்ணியான டிரிப்பனோசோமா இவான்சி மலேசியாவிலும் மாடு, குதிரைகளுக்குச் சுர்ரா நோயைத் தருகிறது. அது ஈக்குள் வளர்வதில்லை. மாட்டைக் கடிக்கும் பெரிய ஈயின் வாயில் ஈர இரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு, ஈ பாதிக் குடியில் பறந்து அடுத்த மாட்டைக் கடித்ததுமே இறங்கிவிடும். ஈயின் எதிர்ப்பாற்றலுக்கு அங்கே வேலையே இல்லை. அந்த ஈயை நோய்க்கடத்தி என்றே எழுதலாம், செட்சியை நோய்க்காவி என்று எழுதுங்கள்.