பல்லைப் பிடுங்கியும் போகாத வலி

கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் தாடி மண்டியிருக்கும். மறுபக்கம் மழமழவென்று இருக்கும். ஃபேன் காற்று படாத நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். இப்படி ஒருவர் உள்ளே வந்தாலே, ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவாக, அதாவது முகத்தில் வெட்டும் நரம்புவலியாக இருக்குமோ என்று டாக்டர்களான எங்களுக்குத் தோன்றிவிடும். பல் துலக்கினாலும், மென்றாலும், முகத்தில் தண்ணீர் பட்டாலும் ஷாக் அடித்ததுபோல் வெட்டும். சில விநாடிகள்தான், மிஞ்சினால் இரண்டு நிமிடம். பல்வலி என்று நினைத்து நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

முகத்தின் தொடுஉணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் மூளை நரம்பு; இதன் பெயர்தான் ட்ரைஜெமினல். மூளைத்தண்டை ஒட்டிய இடத்தில் ஒரு ரத்தக்குழாய் இதை அழுத்தி, மேலுறையைக் கெடுப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

கூடவே தலைவலியும் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். சரி, முகத்து வலியில் தலைவலி எங்கிருந்து வந்தது? மூளையைச் சுற்றிய சவ்வின் வலியையும் பெரும்பாலும் இதே நரம்புதான் கடத்துகிறது. மைக்ரேன் வலிக்கும் இதுதான் பாதை. மேல்கழுத்து நரம்புகளும் மூளைத்தண்டில் இதோடு ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. வலிக்குப் பயந்து நாள் முழுக்கத் தாடையையும் கழுத்தையும் இறுக்கி வைத்திருந்தால், மாலையில் பிடரியும் நெற்றியும் கனக்கும். மணிக்கணக்கில் நீடிக்கும் அந்த வலி வேறு, வெட்டும் வலி வேறு. இரண்டையும் மருத்துவரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள்; மருந்தும் வேறு வேறு.

"எல்லாம் டென்ஷன்தான் டாக்டர்" என்று கூட வந்தவர் முந்திக்கொண்டு சொல்வார். எனக்கு எரிச்சல் வரும் இடம் இது. அடுத்த வெட்டு எப்போது என்று தெரியாதவர் பதறாமல் என்ன செய்வார்? இந்த நோய் பதற்றத்தால் வருவதில்லை. ஆனால் பயமும் தூக்கமின்மையும் சேர்ந்தால் வலி இன்னும் கூடுதலாக உறைக்கும். அதனால் பதற்றத்துக்கும் சிகிச்சை வேண்டும். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால், வலியைப் பொய் என்கிறோம் என்று அர்த்தமில்லை.

சாதாரண வலிமாத்திரை இதற்குக் கேட்காது. முதலில் கொடுப்பது கார்பமாஸிபைன். குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவோம். ஆரம்பத்தில் தள்ளாட்டமும் தூக்கக் கலக்கமும் வரலாம். ரத்தத்தில் சோடியம் குறையலாம். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். வலி நின்றதே என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. மருந்து போதாவிட்டால், ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கிவைக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. சாப்பிடப் பயந்து எடை குறைந்தாலோ, "செத்துடலாம்போல இருக்கு" என்று ஒரு வார்த்தை வந்தாலோ, புலம்பல் என்று விட்டுவிடாமல் அன்றே கூட்டி வாருங்கள்.