பாரிஸில் உருளும் பந்து, லண்டனில் வழுக்கும் பந்து

"பிரெஞ்சு ஓபனை ஜெயித்தவர் அடுத்த மாதமே விம்பிள்டனையும் ஜெயிப்பதில் அப்படி என்ன கஷ்டம்? அதே ஆள், அதே மட்டைதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கஷ்டம்தான். இரண்டுமே டென்னிஸ் போட்டிகள்; ஆனால் பிரெஞ்சு ஓபன் பாரிஸில் களிமண் தரையில் நடக்கிறது, விம்பிள்டன் லண்டனில் புல்தரையில். 1968இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்டது. அதிலிருந்து 2024 வரை ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற ஆண்கள் ஆறே பேர்: லேவர், போர்க், நடால், ஃபெடரர், ஜோகோவிச், அல்கராஸ். போர்க் 1978 முதல் தொடர்ந்து மூன்று வருடம் இதைச் செய்தார். அதற்குப் பிறகு 2008இல் நடால் வரும்வரை 28 வருடம் ஒருவராலும் முடியவில்லை. ஏழு விம்பிள்டன் வென்ற சாம்பிராஸுக்குப் பாரிஸ் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. பாரிஸில் மூன்று முறை வென்ற லெண்டிலுக்கு விம்பிள்டன் எட்டவே இல்லை.

விம்பிள்டன் முடியும்வரை போர்க் தாடியை மழிக்க மாட்டார் என்பது பிரபலமான கதை. வெற்றியில் பாதிப் புகழ் அந்தத் தாடிக்கே போனது. தாடி வளர்வதால் உராய்வுக் குணகம் (தரை பந்தை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதன் அளவு) மாறுவதில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நம் கதையின் நாயகன் அந்த உராய்வுதான்.

பந்து தரையைத் தொட்டிருக்கும் நேரம் சுமார் 5 மில்லிவினாடி. பெரிய சுழற்சி இல்லாமல், தரையோடு சுமார் 16 டிகிரி சாய்வில் ஒரு பந்து வருவதாக வைத்துக்கொள்வோம். தொட்டவுடன் அதன் அடிப்பகுதி தரையில் சறுக்கும். உராய்வு அதைப் பின்னோக்கி இழுக்கும். இது பள்ளிப் பாடம். ஆனால் அந்த ஒரே இழுப்பு இரண்டு வேலை செய்கிறது: பந்தின் வேகத்தைக் குறைக்கிறது, கூடவே பந்தை முன்பக்கமாகச் சுழற்றியும் விடுகிறது. சுழற்சி ஏற ஏற, பந்தின் அடிப்புள்ளி பின்னோக்கி நகரும் வேகம் கூடுகிறது. பந்தோ முன்னே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். அந்த நொடியில், பந்து முன்னே பறந்தாலும் தரையைத் தொடும் புள்ளி மட்டும் அசையாமல் நிற்கிறது! சறுக்கல் போய் உருளல் வந்துவிட்டது. சறுக்கல் இல்லையென்றால் உராய்வுக்கு இழுக்க ஒன்றுமில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இனிமேல்தான். மெல்லிய ஓடு போன்ற உள்ளீடற்ற பந்து, சுழற்சியின்றி வந்து இந்த உருளல் நிலையை அடையும்போது, அதன் கிடைமட்ட வேகத்தில் சரியாக ஐந்தில் மூன்று பங்கு மிஞ்சும். டென்னிஸ் பந்தின் ரப்பர் ஓடு கொஞ்சம் தடிமன் என்பதால் அதைவிடச் சற்று அதிகம். அதற்குமேல் தரையை எவ்வளவு சொரசொரப்பாக்கினாலும், உப்புத்தாளே ஒட்டி வைத்தாலும், அந்தப் பந்தின் வேகம் ஏறத்தாழ அவ்வளவுதான் குறையும். உராய்வு தன் வேலையைத் தானே முடித்துக்கொள்கிறது.

பாரிஸின் களிமண் தரை பந்தை இந்த எல்லைவரை கொண்டுபோய்விடுகிறது. களிமண் என்று பெயர்தான். மேலே இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் செங்கல் தூள், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். விம்பிள்டன் புல்லில் உராய்வு குறைவு. சறுக்கல் முடிவதற்குள் அந்த 5 மில்லிவினாடி முடிந்துவிடும். பந்து வழுக்கிக்கொண்டே கிளம்பி, சுமார் 70 சதவீத வேகத்தோடு வரும்.

வித்தியாசம் இவ்வளவு சின்னதா என்று தோன்றலாம். எகிறும் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். களிமண்ணில் பந்து தனக்கு முன்னால் தூளைத் தள்ளி ஒரு குட்டி மேடு கட்டி, அதன்மேல் ஏறிக் கிளம்புகிறது. அதனால் உயரமாக எழும்பும், ஆட்டக்காரருக்கு நேரமும் கிடைக்கும். புல்லில் தாழ்வாகச் சீறும்.

நடாலின் டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்பக்கமாகச் சுழலவிடும் அடி, நிமிடத்துக்குச் சராசரியாக 3,200 சுழற்சி என்று அளந்திருக்கிறார்கள். அந்தப் பந்து காற்றிலேயே வளைந்து செங்குத்தாக இறங்கும். களிமண்ணில் எதிராளியின் தோள் உயரத்துக்கு எகிறும். பந்தைப் பின்பக்கமாகச் சுழலவிடும் ஸ்லைஸ் அடி இதற்கு நேர்மாறு. கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் வருவதால் தரையை லேசாகத்தான் அழுத்தும்; புல்லில் முழங்காலுக்குக் கீழேயே ஓடிவிடும். ஆக, ஒரு தரையில் ஆயுதமாக இருப்பது இன்னொன்றில் பாதி மழுங்கிவிடுகிறது. கால்களும் மாற வேண்டும்: களிமண்ணில் சறுக்கிக்கொண்டே போய் அடிக்கலாம், புல்லில் சின்னச் சின்ன அடிகள்தான். இந்த மாற்றத்துக்கு முன்பு இரண்டு வார இடைவெளிதான் இருந்தது, 2015இலிருந்து மூன்று.

பந்து எகிறுவதற்கெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டனே கவனித்து எழுதியிருக்கிறார். ஹோவர்ட் பிராடி, ராட் கிராஸ் போன்ற இயற்பியலாளர்கள் பந்தையும் மட்டையையும் வருடக்கணக்கில் அளந்தார்கள். அதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை என்பதே என் கட்சி.

அப்புறம், புல்லும் பழைய புல் இல்லை. 2001இல் விம்பிள்டன் முழுக்க ரை புல்லுக்கு மாறியது. தரை இறுகியது, பந்து முன்பைவிட நிமிர்ந்து எழும்பத் தொடங்கியது. 2008க்குப் பிறகு இந்த இரட்டை வெற்றி அடிக்கடி நடப்பதற்கு ஆட்டக்காரர்களின் திறமையோடு இதற்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

2007இல் மயோர்காவில் ஒரு வேடிக்கைப் போட்டி வைத்தார்கள். வலைக்கு ஒரு பக்கம் களிமண், மறுபக்கம் புல். ஃபெடரரும் நடாலும் பக்கம் மாறும்போதெல்லாம் ஷூவையும் மாற்றினார்கள். கடைசி செட்டில் சமநிலையை முறிக்க ஆடும் டைபிரேக்கில் நடால் 12-10 என்று ஜெயித்தார்.