குவாரண்டைன்: தனிமைப்படுத்தலா, தடைக்காப்பா?

குவாரண்டைன் என்ற சொல் 2020-இல் கொரோனாவோடு வந்து இறங்கியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரைக்கு அது அதைவிட எவ்வளவோ பழையது. ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபம், மண்டபம் கேம்ப் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. அந்தக் 'கேம்ப்' முதலில் குவாரண்டைன் கேம்ப்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம் சனம் இந்த வழியாகப் போனது. அவர்களை மண்டபத்தில் நிறுத்தி, உடம்பைச் சோதித்து, அம்மை குத்தி, சில நாள் வைத்துப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம், இடம் நம்முடையது. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பி வந்த தோட்டக் குடும்பங்களும், 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும், 2022 பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்தவர்களும் தங்கியது அதே மண்டபம் முகாமில்தான்.

சொல் பிறந்தது இத்தாலியக் கரையில், கட்டளை பிறந்தது அதன் எதிர்க்கரையில். 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் பிளேக் சூறையாடியபோது, 1377-இல் ரகுசா என்ற துறைமுக நகரம் (இன்றைக்கு குரோவேஷியாவின் துப்ரோவ்னிக்) ஒரு கட்டளை போட்டது: நோய் பரவிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே காத்திருந்த பிறகே நகருக்குள் நுழையலாம். பின்னால் அந்த 30 நாள் 40 நாளானது. வெனிஸ் பேச்சில் 'குவாரந்தா' என்றால் நாற்பது, 'குவாரந்தேனா' என்றால் நாற்பது நாள் கெடு. ஆக, சொல்லின் வேரில் தனிமையும் இல்லை, நோயும் இல்லை. இருப்பது நாள் கணக்கு மட்டும்தான்.

இன்னொரு சொல்லையும் கூடவே பார்க்க வேண்டும்: ஐசொலேஷன். அதன் வேர் லத்தீனில் தீவைக் குறிக்கும் 'இன்சுலா'. தீவாக்கிப் பிரித்து வைப்பது. 'தனிமைப்படுத்தல்' என்ற தமிழ் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. நோய் உறுதியானவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது ஐசொலேஷன். நோய் வந்த இடத்தில் இருந்தவரை, நோயாளியோடு பழகியவரை, இன்னும் நோய் வராதவரை, வருமா வராதா என்று குறிப்பிட்ட நாள் வரை வைத்துப் பார்ப்பது குவாரண்டைன். முன்னவர் நோயாளி, பின்னவர் நோயாளி இல்லை. நாம் இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே சொல்லில் போட்டு எழுதிவிட்டோம்.

இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். 2020-இல் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் ஒரு அக்காவின் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள், தண்ணீர் குடத்தோடு வருகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டும்போது தெருவின் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லையே தம்பி, பின்ன ஏன் நோய் வீடுன்னு ஒட்டிட்டுப் போறாக?" என்று அந்த அக்கா கேட்டார். ஸ்டிக்கரில் இருந்த வார்த்தை 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு'. அதைத் தெரு 'நோய் வீடு' என்று படித்தது. தெருவைக் குறை சொல்ல மாட்டேன், வித்தியாசம் சொல்ல அந்தச் சொல்லில் இடமே இல்லை. இப்படி வாசலில் ஒட்டுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9-இல் தீர்ப்புச் சொன்னது: பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அதிகாரம் உள்ளவர் உத்தரவிட்டால் தவிர, கொரோனா நோயாளிகளின் வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டக் கூடாது. நோயாளி வீட்டுக்கே இது பொருந்தும் என்றால், நோயே இல்லாத வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். கொரோனா காலத்தில் அரசுகள் கையில் எடுத்தது 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம். பம்பாய் பிளேக்குக்காக அவசரமாகப் போட்டது, விரல்விட்டு எண்ணக்கூடிய பிரிவுகள்தான். அக்கரையில் இலங்கையின் குவாரண்டைன் சட்டமும் அதே 1897-இல் வந்தது. நம் சட்டத்தில் துறைமுகத்துக்கு வரும் கப்பலைச் சோதிக்கலாம், அதில் வருகிறவரைத் தடுத்து வைக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் எத்தனை நாள், யாரிடம் முறையிடுவது, நோயாளிக்கும் நோய் வராதவருக்கும் என்ன வேறுபாடு என்பதெல்லாம் அதில் இல்லை. ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22-ஆம் உறுப்பு. குற்றமும் செய்யாமல் நோயும் இல்லாமல் 14 நாள் அடைபட்டிருப்பவருக்கு இந்த 1897 சட்டம் அப்படி ஒரு பாதுகாப்பை எழுதி வைக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

எதில் ஒன்றிய அரசு சட்டம் போடலாம், எதில் மாநிலம் போடலாம், எதில் இரண்டும் போடலாம் என்று பட்டியலிடும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையும் இதைப் பல கூறாகப் பிரித்திருக்கிறது. துறைமுகக் குவாரண்டைன் ஒன்றியப் பட்டியலில் 28-வது, மாநிலங்களுக்கு இடையிலான குவாரண்டைன் அதே பட்டியலில் 81-வது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் 6-வது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29-வது. பாம்பனில் ஒரு படகு வந்து நின்றால் எந்தப் பட்டியல் பேசும் என்பது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

நடமாடும் உரிமை 19-ஆம் உறுப்பில் இருக்கிறது. பொதுநலனுக்காக அதன்மேல் நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்பதும் அங்கேயே இருக்கிறது. எது நியாயம்? 2022 மே 2-இல் ஜேக்கப் புலியேல் வழக்கின் தீர்ப்பில், யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, உடல்மீதான உரிமை 21-ஆம் உறுப்பில் அடக்கம் என்றது உச்ச நீதிமன்றம். பொதுச் சுகாதாரத்துக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், உண்மையான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தக் கடைசி அளவுகோலை வைத்துப் பாருங்கள். நோயாளியைப் பிரித்து வைக்க மருத்துவச் சான்று போதும். நோய் இல்லாதவரை அடைத்து வைப்பதற்கு இன்னும் வலுவான காரணமும், முடிகிற தேதியும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இந்த வாதமே எழாமல் போய்விடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தொற்றொதுக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். 'ஒதுக்கி வைத்தல்' என்றால் நம் ஊர்களில் பொருள் வேறு. கரையோரக் கிராமங்களில் ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவரோடு பேச்சு கிடையாது, தண்ணீர் கிடையாது என்று நிறுத்தியதற்கும், சாதி பார்த்து விலக்கியதற்கும் அதே சொல்தான். ஒரு சுகாதார ஏற்பாட்டின் மேல் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

அகராதியில் 'தொற்றுத் தடைக்காப்பு' என்று ஒரு சொல் கிடக்கிறது. இதைத்தான் எடுத்துப் புழங்க வேண்டும் என்பது என் முடிவு. 'காப்பு' நமக்குப் புதிதல்ல. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லை தாண்டி வெளியூரில் தங்கக் கூடாது என்பார்கள். நோய் வந்தவர்களுக்கு மட்டும் சொன்னது இல்லை, நன்றாக இருப்பவர்களுக்கும்தான். கட்டும் நாளும் உண்டு, அவிழ்க்கும் நாளும் உண்டு, யாரும் யாரையும் கேவலமாகப் பார்ப்பதில்லை. குவாரண்டைனுக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. குவாரண்டைன் மனிதருக்கு மட்டும் உரியதல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 271-வது பிரிவு முக்கியமாகப் பேசியது கப்பலைப் பற்றி: குவாரண்டைனில் இருக்கும் கப்பல் கரையோடும் மற்றக் கப்பல்களோடும் தொடர்பு கொள்வதற்கான விதியை மீறினால் தண்டனை. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 273-வது பிரிவு. கப்பல் என்ற இடத்தில் எந்தப் போக்குவரத்து ஊர்தியும் என்று விரித்துவிட்டார்கள், தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். கப்பலுக்கு ஏது தனிமை? 'கப்பல் தடைக்காப்பில் நிற்கிறது' என்றால் நாட்டுப்படகுக்காரருக்கும் புரியும். வெளிநாட்டிலிருந்து வரும் விதைக்கும் கன்றுக்கும் தாவரத் தடைக்காப்பு, துறைமுகத்துக்குத் துறைமுகத் தடைக்காப்பு.

மருத்துவமனை வார்டில் இருப்பவருக்குத் தனிமைப்படுத்தல் அப்படியே இருக்கட்டும். வெளியிலிருந்து வந்தவரின் வீட்டுக்கு அறிவிப்பு கொடுத்துத்தான் தீர வேண்டும் என்றால், அதை வாசலில் ஒட்டாமல் வீட்டார் கையில் கொடுத்து, 'தடைக்காப்பில் உள்ளவர், இன்னும் நோய் இல்லை' என்று எழுதி, தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும், உத்தரவிட்ட அதிகாரியின் பதவியையும், மேல்முறையீட்டுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் கீழே போட வேண்டும்.