சாரா நிகழ்ச்சி: காலில் கால் மாகாணி

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கத் தாயம் உருட்டுவது எங்கள் கும்பகோணம் பக்கத்தில் ரொம்ப நாள் வழக்கம். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், ஒரு முகத்தில் புள்ளியே இருக்காது, மற்றதில் 1, 2, 3. இரண்டுமே புள்ளியில்லாமல் விழுந்தால் பன்னிரண்டு, கூடவே இன்னொரு ஆட்டமும் கிடைக்கும். அப்படி உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிளஸ் ஒன் படிக்கிற அக்கா மகன் கேட்டான்: "மாமா, கணக்குப் புத்தகத்துல நிகழ்தகவு பாடத்துல சார்பற்ற நிகழ்ச்சின்னு போட்டிருக்கே, எதைச் சாராதது?"

நல்ல கேள்வி. முதலில் நிகழ்தகவு என்ற சொல்லைப் பார்த்துவிடலாம். பேச்சில் நாம் சான்ஸ் என்போம், வாய்ப்பு என்போம் (பாட்டு நன்றாக இருந்தாலும் 'சான்ஸே இல்லை' என்கிறோம், அது தனிக் கதை). சான்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'விழு' என்று பொருள்படும் வினை. காய் எப்படி விழுகிறதோ அதுதான் சான்ஸ். நாமும் தாயம் விழுந்தது, பரிசு விழுந்தது என்றுதானே சொல்கிறோம்.

பிராபபிலிட்டி வேறு வழியில் வந்தது. சோதித்துப் பார்த்து ஏற்கத் தக்கது என்பது அதன் லத்தீன் மூலத்தின் பொருள். நம் நிகழ்தகவிலும் தகு, தக்க, தகுதி என்று வரும் அதே வேர் இருக்கிறது: நிகழத் தக்க தன்மை எவ்வளவு என்று கேட்கிற சொல். 'தக்கார் தகவிலர்' என்ற குறள் வரும் அதிகாரம் நடுவுநிலைமை, அங்கே தகவு என்பதற்கு நடுவுநிலை என்றே உரை சொல்கிறார்கள். ஒரு பக்கம் கனத்த கட்டையை உருட்டி நிகழ்தகவு போட முடியாதே, அதனால் அந்தப் பொருளும் இங்கே பொருந்தித்தான் போகிறது.

இப்போது சார்பு. சார் என்றால் சாய்ந்திரு, ஒட்டியிரு. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி அகத்தியைச் சார்ந்து ஏறுகிறது, அகத்தி சாய்ந்தால் கொடியும் சாயும். இன்டிபெண்டன்ட் என்ற சொல்லுக்குள் இருப்பது லத்தீன் 'தொங்கு', அதாவது எதிலிருந்தும் தொங்காதது. அவர்கள் தொங்கவிட்டார்கள், நாம் சாய்த்தோம். சார்பற்ற, சார்பிலா, சாரா என்று மூன்று வடிவமும் புழக்கத்தில் இருக்கின்றன, எனக்குச் சாரா நிகழ்ச்சி என்பதுதான் பிடிக்கும், சின்னதாக இருக்கிறது. சுயாதீன நிகழ்ச்சி என்று சிலர் எழுதுவதில் பிழை இல்லை என்றாலும் அது ஏதோ தன்னிச்சையாக நடப்பது போலத் தொனிக்கிறது. இங்கே பேச்சு ஒன்றின் முடிவு மற்றதைத் தொடுகிறதா என்பது மட்டுமே. 'ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. ஒரே கட்டையில் 1 விழுந்தால் 3 விழவே முடியாது, ஆக அந்த இரண்டும் ஒன்றையொன்று பலமாகவே சார்ந்தவை.

சரி, கணக்கு. ஒரு கட்டை புள்ளியில்லாமல் விழ நிகழ்தகவு 1/4. பதினாறு தடவை உருட்டினால் சராசரியாக நான்கு தடவை முதல் கட்டை அப்படி விழும். இரண்டாவது கட்டைக்கு அது தெரியாது, அதனால் அந்த நான்கிலும் அது தன் வழக்கப்படி நான்கில் ஒன்று என்றே விழும். மிஞ்சுவது ஒன்று, ஆகப் பதினாறில் ஒன்று. சாரா நிகழ்ச்சிகள் இரண்டும் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவு அந்த இரு பின்னங்களின் பெருக்கல் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் டி முவாவர் 1718-லேயே எழுதிவிட்டார்.

ஆடிப்பெருக்கு ஊரில் பெருக்கினால் குறைகிறது என்று சொன்னால் பையன் ஒத்துக்கொள்வானா? அப்புறம் நிலத்தைக் காட்டினேன். ஒரு வேலிக்கு 20 மா. அதில் கால் பங்கு 5 மா, அந்தப் பங்கிலும் கால் என்றால் ஒன்றேகால் மா. வேலியை ஒன்று என்று வைத்தால் மா 1/20, காணி 1/80, இரண்டும் சேர்ந்தால் 1/16, அதன் பெயரே மாகாணி. பழைய வாய்பாட்டில் காலைக் காலால் பெருக்கினால் வருவதும் இதுதான். பன்னிரண்டுக்கு மாகாணி. தாயம் விழ ஒரு கட்டையில் 1, மற்றதில் வெறும் முகம் வேண்டும், அது இரண்டு விதமாக அமையும் என்பதால் இரண்டு மாகாணி, அரைக்கால், 1/8. பன்னிரண்டை விடத் தாயம் இரு மடங்கு சுலபம் (ஆட்டத்தில் அப்படித் தோன்றுவதே இல்லை!).

ஆனால் பெருக்குவதற்கு முன் சாராதவைதானா என்று பார்த்தாக வேண்டும். காவிரியும் வெண்ணாறும் கல்லணையில் பிரிகின்றன, மேட்டூரில் திறக்காவிட்டால் இரண்டும் சேர்ந்தே காயும். 'இதில் வராவிட்டால் அதில் வரும்' என்று இரண்டு பின்னத்தைப் பெருக்கி ஆறுதல் அடைய முடியாது. எங்கள் சித்தப்பா அந்தத் தப்பைத்தான் செய்தார். குறுவைக்கு இரண்டு போர்வெல், இரண்டு மோட்டார் போட்டார். ஒரு மோட்டார் தேவைப்படும் நாளில் ஓடாமல் போவது பத்தில் ஒன்று என்று வைத்தால் இரண்டும் ஓடாமல் போவது நூறில் ஒன்றுதானே என்று நாங்களும் தலையாட்டினோம். இரண்டுக்கும் கரண்ட் வந்தது ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து. கதிர் வரும் நேரத்தில் அது புகைந்ததும் இரண்டு மோட்டாரும் ஒன்றாக நின்றன, நூறில் ஒன்று என்ற கணக்கும் நின்றது. அடுத்த வருஷம் ஒரு மோட்டாரை விற்றுவிட்டு டீசல் இன்ஜின் வாங்கினார், எதற்கு என்று அக்கா மகன் கேட்கவில்லை.